ரம்புட்டான் இலை கருகுவது வெயிலாலா, தண்ணீராலா?

சித்திரையில் ரம்புட்டான் இலை கருகியதும், "சேலத்து வெயிலுக்கு இது ஆகாதுங்க" என்று கன்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதற்குமுன் இலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெயிலில் வெந்த இலையில், வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளிறிய திட்டுகள் இருக்கும். கருகல் நுனியில் தொடங்கி ஓரம் வழியே உள்ளே ஏறினால், அதுவும் முற்றிய இலைகளில் முதலில் வந்தால், பெரும்பாலும் உப்புதான் காரணம். போர் தண்ணீர் மண்ணில் விட்டுப்போன உப்பு.

எனவே கன்று வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அது போதும். 500 பி.பி.எம்.முக்குமேல் காட்டினால் ரம்புட்டான், மங்குஸ்தான், அவகேடோ மூன்றுக்கும் அந்தத் தண்ணீரை மட்டும் நம்ப முடியாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்று, மழைநீர். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ. மழை பெய்தாலே 900 லிட்டருக்குமேல் விழுகிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை மூடிய தொட்டியில் பிடியுங்கள். தொட்டிச் செடி என்றால் கோடை முடிந்ததும் மண்ணின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் செடி அதே உப்பைத் திரும்ப உறிஞ்சும்.

அடுத்தது சுக்கான் கல், அதாவது மண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்புக் கல். ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இந்த மண்ணில் கொழுந்திலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வரும். இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாத நிலை. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் சீக்கிரமே பயனற்றுப்போகும். உரக்கடையில் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) இரும்பும் இப்படிப்பட்ட காரமண்ணில் நிற்காது, இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை இரும்பு என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல், வேலை செய்வது அதுதான்.

செடியைத் தொட்டியில் வளர்ப்பதென்றால் 100 லிட்டர் டிரம் போதும். செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய தொழு உரம் 1, தென்னைநார்க் கழிவு 1. நார்க் கழிவை மூன்று முறை அலசாமல் போட்டால் அதுவும் உப்புதான். பங்குனி முதல் ஆனி வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மங்குஸ்தானுக்கு முதல் மூன்று நான்கு வருடம் நிழல் கட்டாயம்.

ரம்புட்டானில் ஒட்டுக்கன்று மட்டும் வாங்குங்கள். விதைக்கன்று ஆண் மரமாகிவிட்டால் காய்க்காது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அப்போதைக்கப்போதே கிள்ளிவிடுங்கள். மங்குஸ்தானுக்கு இந்தக் கவலை இல்லை, விதைக்கன்றும் தாய்மரம்போலவே வரும். ஏழெட்டு வருடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. அந்தக் குளிருக்கு ரம்புட்டானும் துரியனும் வேண்டாம். காப்பித் தோட்டங்களில் நன்றாக வரும் பட்டர் ஃப்ரூட்டை, அதாவது அவகேடோவை வையுங்கள். அங்கே பகை உப்பு அல்ல, வேரழுகல். ஒன்றரை அடி மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள். மண்ணை மூடப் போடும் சருகு (மூடாக்கு) தண்டைத் தொடாமல் அரை அடி தள்ளியிருக்கட்டும்.

கீழே சேலத்தில் தண்ணீரும் உப்பு, மண்ணும் சுண்ணாம்பு, மழைநீர்த் தொட்டிக்கும் இடமில்லை என்றால் முட்டைப்பழம் வையுங்கள். சுண்ணாம்பு மண்ணை அது பொறுத்துக்கொள்ளும். மாவுபோல் தொண்டையை அடைக்கும் பழம், எல்லோருக்கும் பிடிக்காது. பாலில் அடித்துக் குடித்தால் நன்றாக இருக்கும்.