தார்ச் சாலையில் பழைய பிளாஸ்டிக்: விதி என்ன சொல்கிறது?

காலி தண்ணீர் பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். மெல்லிய கேரி பையையும் பிஸ்கட் உறையையும் சீந்த ஆளில்லை. அந்தக் குப்பைக்குத் தார்ச் சாலையில் இடம் தரும் விதிகள் நம் நாட்டில் இருக்கின்றன. பலருக்கும் இது தெரியாது.

வழிமுறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஜல்லியைச் சுமார் 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவுகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் அது உருகி ஜல்லியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். அப்புறம்தான் தார் சேர்க்கிறார்கள். தாரும் பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை என்பதால் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. மழை பெய்ததும் சாலை பெயர்வதற்கு முக்கியக் காரணம், ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுவது. இந்தப் பூச்சு அதைத்தான் தடுக்கிறது. சிமென்ட் கான்கிரீட்டில் நிலைமை வேறு. சிமென்ட் பசை பிளாஸ்டிக்கோடு ஒட்டாது. அளவு கூடினால் வலிமை குறையும். ஆகவே உங்கள் தெரு சிமென்ட் சாலை என்றால் இங்கே சொல்லும் விதி அதற்குப் பொருந்தாது.

சாலை போடுவதற்கான நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-இல் இதற்கான தொழில்நுட்ப நெறிமுறையை வெளியிட்டது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம். பிவிசி மட்டும் கூடவே கூடாது. சூடானால் நச்சு வாயு வரும். பழைய பிவிசி குழாயையும் ரெக்சின் துணியையும் இதில் கலந்து போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இன்னும் ஒரு படி போனது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தேசிய நெடுஞ்சாலைகளில் சூடான தார்க்கலவை போடும்போது பிளாஸ்டிக் சேர்க்க வேண்டும் என்றது. பிளாஸ்டிக் கிடைக்கவில்லை என்றால், வெறும் தார் போட அமைச்சகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. மதுரை, கோவை, திருச்சி, சேலம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும் நகரங்கள்.

உள்ளூர்ச் சாலைகளுக்கு 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. மறுசுழற்சி செய்ய முடியாத பிளாஸ்டிக்கைச் சாலை போடப் பயன்படுத்துவதை உள்ளாட்சிகள் ஊக்குவிக்க வேண்டும் என்கின்றன அவை. ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் “ஊக்குவிக்க வேண்டும்” என்பது கட்டாயம் அல்ல. இந்த விதியின் பலவீனம் இதுதான் என்பேன். கேட்க ஆளில்லாத ஊரில் அது காகிதத்திலேயே நின்றுவிடும்.

அதே விதிகள் நமக்கும் ஒரு கடமை வைத்திருக்கின்றன: வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பது. சோறும் குழம்பும் ஒட்டிய பையைத் துண்டு போடும் இயந்திரத்தில் அப்படியே போட முடியாது. அலசி, காயவைத்து, தனியாகக் கட்டிக் கொடுத்தால்தான் அது சாலைக்குப் போகும். கலந்து கொடுத்தால் குப்பைக் கிடங்குக்குத்தான்.

சரி, உங்கள் ஊர்த் தார்ச் சாலையில் பிளாஸ்டிக் சேர்த்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். மதிப்பீட்டின் நகல், கலவை விகிதம், சேர்த்த பிளாஸ்டிக்கின் எடை ஆகிய மூன்றையும் கேளுங்கள். சாலை யாருடையது என்பதைப் பொறுத்து மாநகராட்சிக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ எழுத வேண்டும். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.