தமிழ் உள்ளடக்கத்தை ஆங்கிலப் படியால் அளக்காதீர்கள்

கட்டுரை 1,500 சொல். டைட்டில் (கூகுள் தேடலில் தெரியும் பக்கத் தலைப்பு) 60 எழுத்துக்குள். கீவேர்டு, அதாவது மக்கள் தேடும் சொல், 100 சொல்லுக்கு ஒரு முறை. பல் மருத்துவமனையானாலும் ஜவுளிக்கடையானாலும் தமிழில் எழுதுபவர் கையில் வந்து சேரும் குறிப்பு பெரும்பாலும் இதுதான். ஆங்கிலப் பக்கங்களை வைத்துப் பிறந்த எண்கள் இவை. தமிழில் இவை எழுத்தையே கெடுக்கின்றன என்பதுதான் எங்கள் கவலை.

"வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம்" தமிழில் இரண்டு சொல். ஆங்கிலத்தில் ஐந்து வேண்டும். உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அங்கே 1,500 சொல் பிடிக்கும் செய்தி இங்கே பல சமயம் ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். மீதியை நிரப்பத்தான் "என்பது குறிப்பிடத்தக்கது", "என்றால் மிகையாகாது" எல்லாம் வருகின்றன. படிக்கும் நேரத்தை ஆங்கில வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 200 சொல்லுக்கு மேல் வைத்துக் கணக்கிடும் பிளகின்களும் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) இதே தவற்றைச் செய்கின்றன. நீளமான தமிழ்ச் சொற்களுக்கு அந்த நேரம் போதாது.

கீவேர்டு எண்ணிக்கையில் நடப்பது இன்னும் மோசம். "வீட்டுக்கடன்" என்று கொடுத்தால், சாதாரணக் கருவி அதே எழுத்து வரிசையைத்தான் தேடும். "வீட்டுக்கடனை", "வீட்டுக்கடனுக்கு" என்று வரும்போது கடைசி "ன்" மேலிருந்த புள்ளி போய்விடுகிறது. கணினிக்குப் புள்ளி ஒரு தனிக் குறியீடு என்பதால், அதற்கு இவை வேறு சொற்கள். பத்து இடத்தில் இயல்பாக வந்திருந்தாலும் இரண்டு என்று காட்டும். கருவி காட்டும் சிவப்பு விளக்கைப் பச்சையாக்க, எழுதுபவர் உருபைக் கழற்றிப்போட்டு எழுதத் தொடங்குகிறார், வாக்கியம் நொண்டுகிறது. எந்தத் தேடல்களில் உங்கள் தளம் வந்தது என்று காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் மக்கள் உண்மையில் தட்டிய தேடல்களைப் பாருங்கள். "வீட்டு கடன்", "ஹோம் லோன்" என்று எத்தனையோ வடிவம் இருக்கும். அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே தலைப்பாக எண்ணுங்கள். டைட்டிலைப் பொறுத்தவரை கூகுள் எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. தமிழ் எழுத்து அகலமானது. எனவே பொருளின் பெயரும் ஊரும் முதலில், நிறுவனப் பெயர் கடைசியில்.

இந்தக் கணக்கு நேராகப் பணத்தைத் தொடும் இடம் எஸ்எம்எஸ். ஆங்கிலச் செய்திக்கு 160 எழுத்து. தமிழ் நுழைந்ததும் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். அதுவும் நாம் எண்ணும் எழுத்தில்லை, குறியீடு. "வணக்கம்" நமக்கு 5 எழுத்து, இரண்டு புள்ளிகளும் சேர்ந்து கணினிக்கு 7. செய்தி நீண்டால் துண்டுக்கு 67தான். 160 குறியீடு உள்ள தமிழ்ச் செய்திக்கு மூன்று எஸ்எம்எஸ் கட்டணம். முழு ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ரூபாய்க் குறியோ வந்தால்கூட மொத்தமும் 70க்கு இறங்கிவிடும். இந்தியாவில் வணிகச் செய்தியின் டெம்ப்ளேட்டை (மாதிரி வாசகத்தை) தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்பே பதிய வேண்டியிருப்பதால், பதியும் முன் குறியீட்டை எண்ணிவிடுங்கள்.

மெயிலில் "திறப்பு விகிதம்" என்ற எண்ணை, அதாவது எத்தனை சதவீதம் பேர் மெயிலைத் திறந்தார்கள் என்பதை, இலக்காக வைப்பதையே விட்டுவிடலாம். மெயிலுக்குள் வைத்த ஒரு சின்னப் படம் இறங்கினால்தான் அது திறப்பாகப் பதிவாகும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்குவதால் எண் வீங்குகிறது. ஜிமெயிலோ சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டிய மெயிலின் அடிப்பகுதியை மறைத்துவிடும். அந்தச் சின்னப் படம் அங்கே இருந்தால், திறந்தவர் கணக்கில் வரமாட்டார். எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8ல் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3. நீளமான தமிழ்ச் செய்திமடல் அந்த வரம்பை முன்னதாகவே எட்டிவிடும். கிளிக்கையும் பதில் மெயிலையும் எண்ணுங்கள்.

தளத்துக்கு வந்து ஒன்றும் செய்யாமல் திரும்பியவர்களின் பங்கான பவுன்ஸ் விகிதத்துக்கும் எச்சரிக்கை தேவை. கூகுளின் பழைய வருகைக் கணக்குக் கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸில் ஒரு பக்கத்தோடு, வேறெதையும் செய்யாமல் போனவர் எல்லாரும் பவுன்ஸ். அதற்கு மாற்றாக வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4ல் 10 வினாடிக்கு மேல் இருந்தாலே பவுன்ஸ் ஆகமாட்டார். பழைய கருவி நின்ற 2023 ஜூலைக்கு முந்தைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

மாற்றாக, உங்கள் தளத்தின் 12 வார எண்களை எடுங்கள். விலைப் பக்கம், விளக்கக் கட்டுரை, வீடியோ என்று தனித்தனியாகப் பிரியுங்கள். சராசரி வேண்டாம், வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள், ஒரே ஒரு வைரல் பக்கம் சராசரியைத் தூக்கிவிடும். 100 பேர் வந்து 2 பேர் விசாரித்தால் அதை 2 சதவீதம் என்று நம்பிவிடாதீர்கள். உண்மை விகிதம் 0.2க்கும் 7க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். சில நூறு விசாரணைகள் சேரும்வரை தலைப்பையோ பட்டனையோ மாற்றி "உயர்ந்தது" என்று சொல்ல வழியில்லை.

மாத ஒப்பீட்டில் பண்டிகையையும் பாருங்கள். தீபாவளி 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20. நவம்பரை நவம்பரோடு வைத்துப் பார்க்கும் ஜவுளிக்கடைக்கு 2024 பெரிய சரிவாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தை, சென்ற தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தோடு வையுங்கள்.