மனச்சோர்வு: சொல்லும் அளவையும்

டிப்ரெஷன் என்பதன் வேர் லத்தீன். கீழே அழுத்துதல் என்று பொருள். அதனால் ‘மன அழுத்தம்’ என்று பெயர்ப்பது பொருத்தமாகவே தெரியும். ஆனால் ஸ்ட்ரெஸ்ஸையும் அப்படித்தான் சொல்கிறோம். சோதினைக்கு முதல்நாள் பிள்ளைக்கு வரும் பதற்றமும், வாரக்கணக்கில் ஒன்றிலும் மனம் ஒட்டாமல் கிடப்பதும் ஒன்றா? யாழ்ப்பாணத்தில் முன்னதை உளநெருக்கீடு என்று எழுதும் நல்ல வழக்கம் உண்டு. பின்னதற்கு மனச்சோர்வே சரியான சொல். சோர்தல் என்றால் தளர்தல், வாடுதல். கண்ணீர் சோர்ந்தது என்றால் வழிந்தது. பிடி நழுவுவதும் சோர்வுதான். நோயின் இயல்பு அந்த வேரிலேயே இருக்கிறது.

சரி, சொல் கிடைத்துவிட்டது. ஊருக்குள் போய் அளக்கும்போதுதான் சிக்கல். மனச்சோர்வை அளக்கப் பல நாடுகளில் புழங்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளில் 9 கேள்விகள். கடந்த 2 வாரங்களை நினைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 27, 10ஐத் தொட்டால் மேலும் விசாரிக்க வேண்டும். 2ஆம் கேள்வி மனம் சோர்ந்ததைப் பற்றியது, 4ஆம் கேள்வி உடல் களைத்ததைப் பற்றியது. இரண்டிலும் ‘சோர்வு’ என்றே போட்டால் என்ன ஆகும்? யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயத்துக்குத் தண்ணி இறைத்துவிட்டுப் படலையடியில் குந்தியிருக்கும் அம்மா இரண்டுக்கும், “ஓம் பிள்ளை, சரியான சோர்வு” என்பார். முதுகு நோவும் புள்ளியில் ஏறிவிடும்.

உண்மையில் மனம் வாடிப்போனவரோ அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார். “நெஞ்சு பாரமாக் கிடக்கு”, “பெருமூச்சு வருது”, “ஒரே யோசனை” என்பார். இந்த ‘யோசனை’யைக் கவனிக்க வேண்டும். மற்ற இடங்களில் அது சிந்தனை, ஆலோசனை. இங்கே தீராக் கவலை. “யோசியாதேங்கோ” என்றால் கவலைப்படாதேங்கோ என்றுதான் பொருள். வெளியூரிலிருந்து கணக்கெடுக்க வந்தவர், ஏதோ திட்டம் போடுகிறார் என்று நினைத்துக் கடந்துவிடலாம்.

அதேபோல, வாசலிலேயே ‘மனநோய்’ என்று தொடங்கக் கூடாது. கேட்பவர் காதில் ‘விசர்’, அதாவது பைத்தியம், என்றுதான் விழும்; கதவு சாத்திவிடும். நித்திரை, சாப்பாடு, யோசனை என்று வருவதே வழி.

9ஆம் கேள்வி உயிரை வெறுப்பது பற்றியது. அதைச் சுற்றி வளைக்காமல், “செத்துப்போனால் நல்லம் எண்டு நினைச்சனீங்களோ?” என்று மெதுவாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அங்கே 1 விழுந்தாலும் தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926ஐயும் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.