"புரிந்தது சார்" என்ற சொல்லைக் கேட்டால் பயமாக இருக்கிறது

புதிதாக ஒப்பந்தமாகி வரும் கூடைப்பந்து ஆட்டக்காரர் முதல் வாரத்தில் அதிகம் சொல்வது "புரிந்தது சார்" என்பதுதான். அதைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

துணைப் பயிற்சியாளராகப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீடியோ போட்டு விளக்குவதும், புதிதாக வருபவர்களுக்கு அணியின் ஆட்டமுறையைச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. வருகிறவருக்குத் திறமை பற்றாது என்று நான் நினைத்தது மிகக் குறைவு. திறமை இருப்பதால்தானே எடுக்கிறார்கள். சறுக்குவது வேறு இடத்தில்.

சில சீசன்களுக்கு முன் ஒரு சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர், வந்தார். உயரம், கை நீளம், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் எல்லாமே நன்றாக இருந்தன. மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி பக்கவாட்டில் ஒரு ஸ்கிரீன் வைத்தது, அதாவது பந்துக்காரரைக் காக்கும் எங்கள் ஆளின் வழியை அவர்களில் ஒருவர் நின்று மறித்தார். எங்கள் பெஞ்சிலிருந்து "ப்ளூ" என்று கூவினோம். எங்கள் கணக்கில் ப்ளூ என்றால், பந்து வைத்திருப்பவரை ஸ்கிரீன் பக்கம் போக விடாமல், அவரைக் காக்கும் எங்கள் கார்டு நடுப்பகுதியை அடைத்துக்கொள்ள வேண்டும். சென்டர் கீழே, பக்கக் கோட்டுப் பக்கமாக நின்று காத்திருக்க வேண்டும். கார்டு சரியாக அடைத்தார். சென்டரோ மேலே ஏறி, ஸ்கிரீனுக்கு அந்தப்பக்கம் போய் நின்றார். பக்கக் கோட்டு வழி திறந்த வீடாகக் கிடந்தது. எதிரணிக்காரர் இரண்டே தப்படியில் கூடைக்கடியில் போய் லே-அப் போட்டார்.

பார்வையாளர்கள் திட்டியது கார்டை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சென்டரின் வலது கால் மேலே போகிறது, நிற்கிறது, பின்வாங்கப் பார்க்கிறது. அரை விநாடிகூட இருக்காது. "ப்ளூ தெரியும்னுதான் சார் நினைச்சேன்" என்றார். பொய் இல்லை. அவருடைய பழைய அணியில் ப்ளூ என்றால் சென்டர் மேலே ஏறி வந்து பந்துக்காரரை மறிக்க வேண்டுமாம். அதே சொல், நேர் எதிரான வேலை. அவர் தலையாட்டி பொம்மையாக ஆட்டவில்லை. உண்மையிலேயே புரிந்ததாகத்தான் நம்பியிருக்கிறார். அதுதான் இன்னும் ஆபத்து.

அன்றிலிருந்து "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். கோர்ட்டில் நிறுத்தி, "இப்போது கார்டு எங்கே இருப்பார், அவர் உன்னிடம் எதை எதிர்பார்ப்பார்?" என்று கேட்கிறேன். பக்கத்தில் இருப்பவரின் வேலையைச் சொல்லத் தெரிந்தால்தான் தன் வேலை தெரியும்.

பழக்கம் என்பது சொல்லில் மட்டும் இல்லை. கேரி பேட்டன், என்பிஏ என்ற அமெரிக்க லீகின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒன்பது முறை தேர்வானவர். 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு வந்தார். அங்கே பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனின் ட்ரையாங்கிள் ஆட்டம், மூன்று பேர் முக்கோணமாக நின்று பாஸ் கொடுத்து ஆடுவது. பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, தானே முடிவெடுத்துப் பழகிய கைக்கு, பாஸ் கொடுத்துவிட்டு மூலைக்கு நகரும் வேலை கடைசிவரை ஒட்டவில்லை. 2008 பிப்ரவரியில் அதே பயிற்சியாளரிடம், சீசனின் நடுவில் வந்தவர் பாவ் கசோல். அந்த ஜூனிலேயே அணி இறுதிச் சுற்றில் ஆடியது. போஸ்ட்டில், அதாவது கூடைக்கு அருகே, நின்று பாஸ் கொடுப்பது அவருக்கு முன்பே கைவந்த கலை, ட்ரையாங்கிள் கேட்டதும் அதைத்தான். ஆகவே ஒருவர் சீக்கிரம் பொருந்தினார், இன்னொருவர் பொருந்தவில்லை என்றால் அதை உழைப்புக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

ரசிகர்களுக்கும் ஒன்று. 2010இல் நட்சத்திரங்களான லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் போஷும் வந்து சேர்ந்த மயாமி ஹீட் அணிக்கு முதல் 17 ஆட்டங்களில் 9 வெற்றி, 8 தோல்வி. அவர்களுக்கே பொருந்த நாளாயிற்று.

லீக் மாறினால் விதியும் மாறும். என்பிஏயில் தடுப்பாட்டக்காரர் யாரையும் நெருங்கிக் காக்காமல் கூடைக்கு முன்னுள்ள கட்டத்தில் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. உலகக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி நடக்கும் ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை. உள்ளே வெட்டிப் புகுந்து பழகியவர் அங்கே போனால் நடுவில் ஒரு சுவர் நிற்பது போலிருக்கும். மூன்று புள்ளிக் கோடும் 7.24 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்கு வந்துவிடும். கால் பழைய தூரத்திலேயே போய் நிற்கும்.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத விஷயம் முட்டி. முதல் இரண்டு ஆட்டம் சரியாகப் போகவில்லை என்றதும், பயிற்சி முடிந்த பிறகு தனியாக நின்று இருநூறு ஷாட் போடுகிறார்கள், நிரூபித்துக் காட்ட. அணியின் பயிற்சியே பழைய இடத்தைவிட அதிகமாக இருக்கும் நேரம் அது. முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண் திடீர்ச் சுமையைத் தாங்காது. தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், மறுநாள் காலை படி இறங்கும்போது திரும்ப வரும். குறைந்துவிட்டதே என்று மறைத்து ஆடுகிறவர்கள்தான் சீசன் நடுவில் வாரக்கணக்கில் உட்காருகிறார்கள். முதல் நாளே பிசியோவிடம் சொன்னால் தாவுவதைக் கொஞ்சம் குறைத்து, வலுப்படுத்தும் பயிற்சி கொடுத்துச் சமாளித்துவிடலாம். இப்படித் தனியாக நிற்பவரின் ஷாட்டில் குறையே இருந்திருக்காது. நிற்க வேண்டிய இடம்தான் குழப்பம். அதற்கு இருநூறு ஷாட் மருந்தாகாது. எங்கே நிற்க வேண்டும் என்று கோர்ட்டில் பத்து நிமிடம் நடந்து பார்த்தால் போதும்.

அந்தச் சென்டர் பிறகு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டார். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பழைய அணியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், வலப்பக்கம் இங்கே என்ன பொருள். வீடியோ அறையில் மடியில் வைத்து எழுதுவார். அடுத்த சீசனில் வேறொரு பையன் வந்தான். நான் பலகையில் படம் போட்டு ப்ளூவை விளக்கி முடித்ததும், "புரிந்தது சார்" என்றான்.

பின்வரிசையிலிருந்து சென்டரின் குரல் வந்தது: "எந்த ப்ளூடா தம்பி?"