பூங்காவுக்கு 300 மீட்டர்: யாருடைய நடையில்?

நகரத்தில் வாழும் ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அரை முதல் ஒரு ஹெக்டேர் வரையாவது பரப்புள்ள பொதுப் பசுமைவெளி ஒன்று இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் ஓர் அளவுகோலை முன்வைத்திருக்கிறது. நகர்ப்புற வனவியல் அறிஞர் செசில் கொனைனென்டைக் 2021இல் அறிவித்த ‘3-30-300’ விதியும் (வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரங்கள், வட்டாரப் பரப்பில் 30 சதவீதத்தை மரங்களின் கிளைகள் கவிந்து மூடும் மரக்கவிப்பு, 300 மீட்டருக்குள் பூங்கா) அதே தூரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. 300 மீட்டர் என்றால் சுமார் 5 நிமிட நடை என்பதே இதன் அடிப்படை. திட்டமிடலில் இப்படியோர் எண் இருப்பது நல்லதுதான். எண் இல்லாத இடத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் எளிதில் வேறு பயனுக்குப் போய்விடும். ஆனால் அந்த 5 நிமிடம் யாருடைய கால்களைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால், பூங்காவை எட்டுவது என்பது வரைபடத்தைக் காட்டிலும் உடலைச் சார்ந்த விஷயம் என்பது தெரியவரும்.

சாலையைக் கடப்பதற்கான சைகை விளக்குகளைப் பல நாடுகளில் விநாடிக்கு 1.2 மீட்டர் நடைவேகம் என்ற கணக்கில் அமைப்பது நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் நடையை ஆராய்ந்து லண்டன் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவில், ஆண்களின் சராசரி வேகம் விநாடிக்கு 0.9 மீட்டராகவும் பெண்களின் வேகம் 0.8 மீட்டராகவும் இருந்தது. 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 10 விநாடி கொடுக்கப்பட்டால், 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் மூதாட்டி அந்த நேரத்தில் 8 மீட்டர்தான் சென்றிருப்பார். எஞ்சிய 4 மீட்டரை நகரத் தொடங்கும் வாகனங்களுக்கு முன்னால் அவர் கடக்க வேண்டும். ஒருமுறை இப்படி நேர்ந்துவிட்டால், அடுத்த நாள் பூங்காவுக்குப் போகவேண்டாம் என்று அவர் முடிவெடுப்பதில் வியப்பில்லை. சிங்கப்பூரில் 2009 முதல் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சலுகை அட்டையைச் சைகைக் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்பக் கடக்கும் நேரம் 3 முதல் 13 விநாடி வரை நீள்கிறது. தேவைப்படுபவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டித் தரும் இந்த ஏற்பாடு, விலை குறைந்த பொறியியலுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

வேகம் மட்டுமல்ல, தாங்கும் ஆற்றலும் குறைகிறது. உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு, நடுவயதிலிருந்து பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் இறங்கிக்கொண்டே வரும். ஆகவே இளைஞருக்கு உடற்பயிற்சிக் கணக்கிலேயே வராத சாதாரண நடை, 80 வயதில் உடலின் மொத்தத் திறனில் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. வழியில் உட்கார இடம் இருந்தால்தான் அந்த நடை சாத்தியம். மக்கள் அதிகம் நடமாடும் பாதைகளில் 50 மீட்டருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டு நெறி சொல்வது இதனால்தான்.

இருக்கை போட்டுவிட்டால் மட்டும் போதாது, அதிலிருந்து எழவும் முடியவேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழும்போது முதலில் பாதங்களைப் பின்னுக்கு இழுக்கிறார், பிறகு உடலை முன்னால் சாய்த்துத் தம் எடையைப் பாதங்களின் மேல் கொண்டுவருகிறார், அதன் பின்னரே தொடைத் தசைகள் முழங்காலை நிமிர்த்துகின்றன. இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகமாக மடிந்து, அதை நிமிர்த்தத் தேவைப்படும் விசையும் கூடிவிடும். 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். அடிப்பகுதி மூடிய கல்மேடையில் பாதத்தைப் பின்னுக்கு இழுக்க இடமே இல்லை. பார்வைக்கு அழகான அந்த மேடை, முதியவரைப் பொறுத்தவரை எழ முடியாத ஆசனம். கைப்பிடி இருந்தால் எடையின் ஒரு பகுதியைக் கைகள் தாங்கிக்கொள்ளும். (யாரும் படுத்துவிடக்கூடாது என்பதற்காக இருக்கையின் நடுவே பொருத்தப்படும் தடுப்புக் கம்பிகூட, உரிய உயரத்தில் அமைந்துவிட்டால் முதியோர் பிடித்து எழ உதவும். அதைப் பொருத்தியவர்களின் நோக்கம் அதுவாக இருந்திருக்காது.)

சக்கர நாற்காலிக்கு வேறு கணக்கு. சாய்தளத்தின் சரிவு 12க்கு 1 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்பது பல விதிமுறைகள் அனுமதிக்கும் உச்சம். ஆளும் நாற்காலியுமாகச் சேர்ந்து 90 கிலோ என்று கொண்டால், அந்தச் சரிவில் மேலே தள்ளுவதற்குச் சுமார் 7.5 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்கு ஈடான விசை தொடர்ந்து வேண்டும். சரிவை 20க்கு 1 என மாற்றினால் அது 4.5 கிலோவாகக் குறைகிறது. தள்ளிக்கொண்டு போகும் துணைவரும் பெரும்பாலும் வயதானவரே என்பதை நினைவில் கொண்டால் இந்த வேறுபாடு சிறியதல்ல. நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை என்பதால், நடைபாதை விளிம்பில் விடப்பட்ட 2 சென்டிமீட்டர் மேடுகூட அவற்றைத் தடுத்து நிறுத்திவிடும். இருசக்கர வாகனங்கள் உள்ளே வரக்கூடாதென்று வாயிலில் நடப்படும் நெருக்கமான கம்பங்களும் பலமுறை இவர்களைத்தான் வெளியே நிறுத்துகின்றன.

கண்ணும் முதுமையடைகிறது. 60 வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதினருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் கண் பழகுவதற்கும் கூடுதல் நேரம் ஆகும். மறதிநோய் உள்ளவர்களுக்குத் தரையில் விழும் அடர்ந்த நிழலோ கருநிறக் கல்லோ குழியாகத் தோன்றக்கூடும் என்பதால், பாதைக்கு ஒரே நிறமும் பளபளப்பற்ற பரப்பும் நல்லது. கழிப்பறை, குடிநீர், அந்தி நேர விளக்கு ஆகியவற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அவை இல்லாத பூங்காவில் முதியவர் அரைமணி நேரம்கூடத் தங்கமாட்டார்.

இவ்வளவு சிரமப்பட்டுப் போகத்தான் வேண்டுமா என்றால், வெப்பத்தை முன்னிட்டே போக வேண்டும் எனலாம். வயது கூடக்கூட வியர்வை குறைகிறது, தாக உணர்வு மங்குகிறது, தோலுக்கு இரத்தத்தை அனுப்பிச் சூட்டை வெளியேற்ற இதயம் திணறுகிறது. 2003ஆம் ஆண்டின் வெப்ப அலையில் ஐரோப்பாவில் 70,000 பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். மரம் இரண்டு வழிகளில் குளிர்விக்கிறது. ஒன்று, வெயில் உடலின் மீதும் தரையின் மீதும் படாமல் மறைப்பது. மனிதர் உணரும் வெப்பத்தில் இதன் பங்கே பெரிது. மற்றொன்று, இலைகளின் வழியே நீரை ஆவியாக்குவது. ஒரு நாளில் 100 லிட்டர் நீரை ஆவியாக்கும் மரம், ஏறத்தாழ 70 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண் வறண்டாலும் காற்று ஏற்கெனவே ஈரம் செறிந்திருந்தாலும் இந்த இரண்டாம் வழி வலுவிழக்கும், நிழல் மட்டும் எஞ்சும். பூங்காவுக்குள் நிழலும் அங்கே செல்லும் தெருவில் வெட்டவெளியும் இருக்குமானால், மிகத் தேவையான வேளையில்தான் அந்தப் பூங்கா எட்டாமல் போகிறது.

டோக்கியோவில் 3,000க்கும் மேற்பட்ட முதியோரைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஆய்வு, வீட்டருகே நடப்பதற்கேற்ற பசுமையான தெருக்களும் வெளிகளும் இருந்தவர்கள் அடுத்த 5 ஆண்டுகளில் உயிரோடிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. வயது, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. என்றாலும் இத்தகைய ஆய்வுகளை எச்சரிக்கையோடுதான் படிக்கவேண்டும்: பூங்காவுக்குப் போனதால் உடல் நலமானதா, நலமாக இருப்பவர்தான் பூங்காவுக்குப் போக முடிகிறதா என்பதை முழுமையாகப் பிரித்தறிவது கடினம். எந்தச் சன்னல் என்பதை நோயாளிகள் தாமே தேர்ந்தெடுக்காததால்தான் 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட சிறிய ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 பேரில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள், வலுவான வலிநிவாரணிகளையும் குறைவாகவே கேட்டார்கள். படுக்கையை விட்டு எழமுடியாதவருக்கும் பசுமை எட்டும் வழி ஒன்று உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது.

எட்டுவதை அளக்கும் முறைகளும் மாறிவருகின்றன. பூங்காவை மையமாக வைத்து வட்டம் வரைவது பழைய முறை. சாலை வலையமைப்பின் வழியே உண்மையில் நடக்கும் தூரத்தைக் கணக்கிட்டு, அந்தத் தூரத்துக்குள் இருக்கும் மக்கள்தொகையால் பூங்காவின் பரப்பை வகுத்து, ஒரு வீட்டுக்கு எட்டும் எல்லாப் பூங்காக்களின் பங்கையும் கூட்டுவது புதிய முறை. இதில் நடைவேகத்தை 1.2இலிருந்து 0.8ஆகக் குறைத்தால், 5 நிமிடத்தில் எட்டும் தூரம் மூன்றில் இரண்டாகச் சுருங்குகிறது. பரப்போ தூரத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால் பாதிக்கும் கீழே, ஒன்பதில் நான்காகிவிடுகிறது. ஒரே பூங்கா, ஒரே வரைபடம், ஆனால் முதியோருக்கு அது சேவை செய்யும் வட்டாரம் பாதிகூட இல்லை. கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கும்போது தீர்வுகளின் வரிசையும் மாறுகிறது. பூங்காவின் பின்சுவரை ஒட்டி வாழ்பவர் முன்வாயிலுக்குச் செல்ல 500 மீட்டர் சுற்ற வேண்டியிருந்தால், அந்தச் சுவரில் இன்னொரு வாயில் திறப்பது, புதிதாக நிலம் தேடுவதைவிட விரைவாகவும் மலிவாகவும் அவருக்குப் பூங்காவைக் கொடுத்துவிடும்.