‘கட்’ என்றால் களையெடுப்பு அல்ல

ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளின் பயிற்சி முகாமைக் காட்டும் ஆவணத் தொடர் முடிவுக்கு வரும்போதெல்லாம், அணியிலிருந்து வீரர்களை விலக்குவதைக் குறிக்கத் தமிழில் ‘களையெடுப்பு’ என்ற சொல் முளைத்துவிடுகிறது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கண்விழித்து அந்தத் தொடரைப் பார்க்கும் பிள்ளைகளின் வாயில் அது வெறும் ‘கட்’தான். “போன வாரம் அவ்வளவு நல்லா ஆடினவனையே கட் பண்ணிட்டாங்கடா” என்று ஆற்றாமையோடு பேசிக்கொள்கிறார்கள். அதையே தமிழில் எழுத உட்காருகிறவர்கள் “37 வீரர்கள் களையெடுக்கப்பட்டனர்” என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு முறை என்றால் விட்டுவிடலாம். இப்போது அது கலைச்சொல்லாகவே நிலைக்கப் பார்க்கிறது. களத்தில் நடப்பதற்கு நேர்மாறானதைச் சொல்லும் சொல் அது.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘கட்’ நடுக்கால ஆங்கிலத்தில் தலைகாட்டும் சொல். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்ததாக அகராதிகள் கருதுகின்றன. அறுப்பது என்ற பொருளிலிருந்து குறைப்பது, நிறுத்துவது, விலக்குவது என்று கிளைத்தது. தமிழும் அதை அப்படியே வாங்கிக்கொண்டது: கரண்ட் கட், சம்பளத்தில் கட், வகுப்பைக் கட் அடிப்பது. பழந்தமிழ் ‘கட்டல்’தான் ஆங்கிலம் போய் ‘கட்’ ஆனது என்று சிலர் சொல்வதுண்டு. கள் என்னும் பழைய வினையிலிருந்து வந்த ‘கட்டல்’ களை பறித்தலைக் குறிப்பது உண்மை. ஓசை ஒத்துப்போவதும் உண்மை. அதற்கு மேல் அந்த இரண்டுக்கும் உறவில்லை.

முகாமில் ‘கட்’ என்றால் என்ன? அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஓர் அணி முகாமுக்கு 90 பேர் வரை அழைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும் முன் அதை 53 ஆகக் குறைத்தாக வேண்டும். 2023இலிருந்து இது ஒரே கெடுவில் நடக்கிறது: ஆகஸ்ட் இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை 4 மணி. நமக்குப் புதன் அதிகாலை 1.30. அணிக்கு 37 பேர். 32 அணிகளுக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 1184 பேர். எச்.பி.ஓ. 2001இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் முகாமைப் படம்பிடித்து ‘ஹார்ட் நாக்ஸ்’ என்று காட்டத் தொடங்கியதிலிருந்து, இந்தக் கெடு நாள்தான் ரசிகர்களை உலுக்கும் நாள். நான்கு வாரம் ஒரு பையனின் அறை, அம்மாவோடு பேசும் போன், பிடித்த பந்து, தவறவிட்ட பந்து எல்லாவற்றையும் காட்டிவிட்டு, ஐந்தாம் வாரம் அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சேதி சொல்வார்கள். “கோச் பார்க்கணும்னார், பிளேபுக்கையும் எடுத்துக்கிட்டு வா” என்று, அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய அந்த ஏட்டோடு வரச்சொல்லி ஓர் ஆள் வந்து கூப்பிட்டாலே முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ‘களை’ எப்படி வரும்?

களை என்பது யாரும் விதைக்காதது. பயிரின் உணவையும் நீரையும் திருடுவது. பிடுங்கினால் பயிர் பிழைக்கும், விட்டால் கெடும். தமிழில் இந்தச் சொல்லோடு பழி ஒட்டிக்கொண்டு எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்குக் குறளே சான்று: “கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.” கொலைகாரர்களை அரசன் தண்டிப்பது களை பறிப்பதற்கு ஒப்பு என்கிறார் வள்ளுவர். அன்றிலிருந்து இன்றுவரை அரசியலில் களையெடுப்பு, துறையில் களையெடுப்பு என்றால் ஊழல்வாதியையும் துரோகியையும் விரட்டுவது என்றே காது கேட்கிறது. முகாமில் பெயர் நீக்கப்பட்டவன் என்ன குற்றம் செய்தான்? அணியே தேடிப்போய் அழைத்து வந்த ஆள் அவன். பல நேரம் அவனுக்கும் 53ஆம் ஆளுக்கும் திறமையில் வேறுபாடே இருக்காது. அணியில் இடது பக்க ஓரத்தில் ஆடுபவர் இருவருக்குக் காயம் என்றால் அந்த வகைக்கு இன்னோர் ஆள் தேவைப்படும். பந்தை நன்றாக ஓடிப் பிடிக்கிற ஆறாவது ஆளுக்கு இடம் இருக்காது. பந்தை உதைக்கும் தருணங்களுக்கான பிரிவில் முட்டி மோதத் தெரிந்தவன் தங்குவான், அவனைவிட அழகாகப் பந்து பிடிப்பவன் வெளியே போவான். கணக்குத்தான் காரணம்.

களை இல்லை என்றால் பின் என்ன? விடை கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் பாத்திகளிலேயே கிடக்கிறது. கேரட் விதை நுணுக்கமானது. வரிசையில் நெருக்கமாகத்தான் விழும். 15ஆம் நாள் வாக்கில் களை எடுப்பார்கள். 30ஆம் நாள் வாக்கில் வேறொரு வேலை உண்டு: செடி கலைப்பது. செடிக்குச் செடி சுமார் 10 சென்டிமீட்டர் விட்டு, நடுவில் நிற்கும் நல்ல கேரட் செடிகளையே பிடுங்கிவிட்டு மண் அணைப்பார்கள். கலைக்காமல் விட்டால் கிழங்கு பருக்காது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஈரம் இல்லாத மண்ணில் இழுத்தால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிப்போகும். களைதல் வேறு, கலைத்தல் வேறு. முதலாவது வேண்டாததை எடுப்பது, இரண்டாவது இடம் போதாததால் நல்லதையே எடுப்பது. முகாமில் நடப்பது இந்த இரண்டாவது. ஒரு லகரம் ளகரம் ஆனதில் பாத்தியிலிருந்து நல்ல செடியை எடுத்த கதை, கொடியவனை ஒறுத்த கதையாக மாறிவிடுகிறது.

ஆனாலும் ‘கலைப்பு’ என்பதைச் சொல்லாக ஏற்க முடியாது. சட்டமன்றக் கலைப்பும் கருக்கலைப்பும் அந்தச் சொல்லை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கின்றன. “வீரர் கலைக்கப்பட்டார்” என்றால் யாருக்கும் புரியாது. உவமையாகவும் அது பாதி வழிதான் வரும். பிடுங்கிய கேரட் செடியை வேறு பாத்தியில் நட்டால் கிழங்கு நேராக இறங்காது. இங்கே வெளியேறியவனை மறுநாளே இன்னோர் அணி எடுத்து நட்டுக்கொள்ளும்.

மண்ணின் சொல் வேண்டும் என்கிற ஆர்வத்தில் ‘கவாத்து’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டம் சூழ்ந்த ஊரில் அந்த நினைப்பு வருவது இயல்பு. ஆனால் கவாத்தில் ஒரு செடியின் கிளைகள் அத்தனையையும் ஒரே உயரத்துக்கு வெட்டுகிறார்கள். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை, செடி மறுபடி தழைப்பதற்காக. ஆள் பார்த்து எடுக்கும் வேலை அதில் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அரபியிலிருந்து உருது வழியாக வந்த ‘கவாத்து’ தமிழில் படைப்பயிற்சியையும் குறிக்கும். காவலர் கவாத்து என்று இன்றும் செய்திகளில் வருகிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் வெலிங்டன் பக்கம் அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும். பயிற்சி முகாமைப் பற்றிய பேச்சில் கவாத்து என்றால் படிப்பவர் ட்ரில் என்றே நினைப்பார்.

‘வெட்டப்பட்டார்’ என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழ்ச் செய்தியில் ஒருவர் வெட்டப்பட்டார் என்றால் அரிவாள் வந்துவிட்டது என்று பொருள். ‘தகுதி நீக்கம்’ விதி மீறியவருக்கு. ‘பதவி நீக்கம்’ பதவியில் இருந்தவருக்கு. ‘சீட்டுக் கிழிந்தது’ என்பது பேச்சில் நன்றாக இருக்கிறது, ரசிகர்களின் ஆற்றாமையும் அதில் இருக்கிறது. எழுத்தில் கொஞ்சம் இளக்காரம் தொனிக்கும்.

சரியான வழியைத் தோட்டத்துப் பேச்சே வைத்திருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரியில் குடியேறியவர்கள் கொண்டுவந்த மொழியில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. அரைப் பேர் என்றால் அரை நாள். அந்தக் கணக்கில் பேர் போடுவதும் உண்டு, பேரை வெட்டுவதும் உண்டு. அந்தப் பேச்சில் வெட்டு ஆள்மேல் விழாது, ஏட்டில் இருக்கும் பெயர்மேல்தான் விழும். முகாமின் ‘கட்’டும் அதுவே. பட்டியலில் 90 பெயர், அதில் 37 பெயருக்குக் கோடு. ஆகவே பேச்சில் “பேரை வெட்டிட்டாங்க”, எழுத்தில் “பெயர் நீக்கம்”. வாக்காளர் பட்டியலால் எல்லாருக்கும் பழகிய சொல், குற்றம் தொனிக்காத சொல். ஓர் எச்சரிக்கை: “பேரை எடுத்தார்கள்” என்பதில் ஐ உருபு விட்டுப்போய்ப் “பேர் எடுத்தார்” என்றாகிவிட்டால் புகழ்பெற்றார் என்று பொருள் மாறிவிடும்.

பெயர் நீக்கம் என்பது பொதுச்சொல். அதன் உள்ளே இரண்டு வகை இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர்கள் பெரிதும் வழுக்குவது இங்கேதான். நான்கு பருவம் கணக்கில் சேர்ந்த மூத்த வீரரின் பெயரை நீக்கினால் அவர் அந்த நிமிடமே யாரோடும் ஒப்பந்தம் போடலாம். (ஒரு பருவம் கணக்கில் சேர அவர் குறைந்தது ஆறு ஆட்டத்துக்கு முழுச் சம்பளப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். பருவ நடுவில் வரும் வீரர் பரிமாற்றக் கெடு தாண்டிவிட்டால் இந்தச் சலுகை மூத்தவருக்கும் இல்லை.) இதற்கு ‘விடுவிப்பு’ என்பதே போதும். இளையவருக்கு அப்படி இல்லை. அவருக்கான உரிமையைப் பழைய அணி விட்டுக்கொடுக்கிறது. மற்ற 31 அணிகளும் ஒரு கெடுவுக்குள் அவரைக் கேட்கலாம். பலர் கேட்டால் முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முன்னுரிமை. கேட்கப்பட்டால் அவர் தன் பழைய ஒப்பந்தத்தோடேயே அங்கே போக வேண்டும். ஆங்கிலத்தில் இது ‘வெய்வ்’. இதைப் போய்க் கடன் தள்ளுபடியை நினைத்துக்கொண்டு “வீரர் தள்ளுபடி செய்யப்பட்டார்” என்று எழுதுகிறார்கள். தள்ளுபடி ஆவது கடனும் மனுவும், ஆள் அல்ல. ‘உரிமை விடுகை’ என்று எழுதினால் அணி எதை விட்டது என்பதும் தெரியும், மற்ற அணிகள் ஏன் வரிசையில் நிற்கின்றன என்பதும் தெரியும்.

களையெடுப்பு என்ற சொல்லை அடியோடு தகர்க்கிற செய்தியும் இதற்குள்தான் இருக்கிறது. பல பயிற்சியாளர்கள் ஓர் இளைஞனின் பெயரை நீக்குவதே, யாரும் கேட்காமல் போக வேண்டும், மறுநாள் நாமே அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான். 53 பேருக்கு வெளியே ஒவ்வோர் அணியும் 16 பேரைப் பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் நாள்தோறும் அணியோடு பயிற்சி செய்வார்கள். ஓர் ஆட்டத்துக்கு இருவர் வரை ஆட்டப் பட்டியலுக்கு ஏற்றப்படலாம், ஒருவரை ஒரு பருவத்தில் மூன்று முறை வரை. பிடுங்கி எறிந்த களையை மறுநாள் காலை தேடிப்போய் அதே பாத்தியில் நடுகிற உழவரை எங்கே பார்க்க முடியும்? அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளரைத் திட்டித் தீர்க்கும் ரசிகர்களில் பாதிப்பேர், அந்தப் பையன் இரண்டு நாளில் அதே உடை மாற்றும் அறைக்குத் திரும்பிவிட்டான் என்பதை அறிவதில்லை. தமிழில் அவர்கள் படித்த சொல், கதை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது.

இந்தத் தொடர்களைத் தமிழாக்குகிறவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போடுவதை நிறுத்த வேண்டும். புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ என்றால் ‘வரைவு’ என்று அங்கே இருக்கிறது; அது சட்ட வரைவு. சங்க நூல்களில் வரைவு என்றால் மணம். ஏழு சுற்றிலும் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஒருவரை “வரையப்படாத வீரர்” என்று எழுதினால் அவர் பட்ட பாடு என்னவென்று யாருக்குத் தெரியும்? “எந்தச் சுற்றிலும் எடுக்கப்படாதவர்” என்று மூன்றே சொல்லில் எழுதலாம். ‘பிளேபுக்’ விளையாட்டுப் புத்தகம் அல்ல. அணியின் ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அடங்கிய ‘ஆட்ட ஏடு’. அதைத் திருப்பி வாங்குவதுதான் பெயர் நீக்கப்பட்டதற்கு அடையாளம். எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் எறிந்து கையால் பிடித்து ஓடும் இந்த ஆட்டத்தைக் ‘கால்பந்து’ என்று எழுதுவதைக் கைவிட வேண்டும். தோட்ட மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடுகிற மலை இது. இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஏற்றினால் நடுவில் எது எந்த ஆட்டம் என்றே குழம்பும். அமெரிக்கன் ஃபுட்பால் என்று அப்படியே இருக்கட்டும். ஆட்டத்தின் பெயர் கடன் சொல்லாக இருப்பதில் இழுக்கில்லை.

ஓர் இளைய வீரரின் அந்த மூன்று நாளைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: “எந்தச் சுற்றிலும் எடுக்கப்படாமல் முகாமுக்கு வந்தவரின் பெயர் செவ்வாய் மாலை நீக்கப்பட்டது. உரிமை விடுகையில் இருந்த அவரைப் புதன் நண்பகல், நம் நேரப்படி இரவு 9.30 வரை, எந்த அணியும் கேட்கவில்லை. வியாழன் காலை அதே அணியின் பயிற்சிக் குழுவில் ஒப்பந்தமாகி, திருப்பிக் கொடுத்த ஆட்ட ஏட்டை மறுபடி வாங்கிக்கொண்டார்.”