ஆன்டிபெல்லம்: எந்தப் போருக்கு முன்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கப் போனால் 'ஆன்டிபெல்லம்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். லத்தீனில் 'ஆன்ட்டே' என்றால் முன், 'பெல்லும்' என்றால் போர். காலை நேரத்தைக் குறிக்கும் ஏ.எம்.மில் உள்ள 'ஏ'வும் இதே 'ஆன்ட்டே'தான். அதை நாம் முற்பகல் என்கிறோம். பன்னாட்டுச் சட்டத்தில் இந்தத் தொடர் எந்தப் போருக்கும் பொருந்தும். அமெரிக்கர்களுக்கோ ஒரே போர்தான்: 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர்.

சொல்லின் பொருளைக் கட்டடமாகவே பார்க்க மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ் ஊரில் லாங்வுட் இருக்கிறது. பருத்தித் தோட்ட முதலாளி ஹாலர் நட் 1860இல் கட்டத் தொடங்கிய எண்கோண மாளிகை. மறு ஆண்டு போர் மூண்டதும், பிலடெல்ஃபியாவிலிருந்து வந்திருந்த கைவினைஞர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். கீழ்த்தளம் மட்டுமே முடிந்தது. 1864இல் நட்டும் இறந்துபோனார். இன்று அருங்காட்சியகமாக உள்ள அந்த வீட்டில், கீழே குடும்பம் புழங்கிய அறைகள். படியேறினால் பூசாத செங்கல்லும் வெறும் மரச்சட்டங்களும்.

அந்தப் பருத்திப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். நெடுங்காலம் வழிகாட்டிகள் தூண்களையும் விருந்துக் கூடங்களையும் பற்றித்தான் பேசினார்கள். 2014இல் லூசியானாவில் திறக்கப்பட்ட விட்னி தோட்ட அருங்காட்சியகம் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் வாழ்க்கையை மையமாக வைத்தது. அப்புறம், 2020இல் 'லேடி ஆன்டிபெல்லம்' இசைக்குழு, அடிமைமுறையை நினைவூட்டுகிறது என்பதால் இந்தச் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கி 'லேடி ஏ' ஆனது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ஒலிபெயர்த்தால் 'ஆன்டி' என்பதை 'எதிர்' என்று படித்து, போர் எதிர்ப்பு என்று பொருள் கொள்ள இடமுண்டு. 'முன்போர்' என்றால் முன்பு நடந்த போர் என்றாகிவிடும். 'போருக்கு முந்தைய' என்று மட்டும் எழுதினால் ஈழத்து வாசகருக்கு நினைவில் வருவது வேறொரு போர். ஆகவே 'அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய' என்று முழுதாக எழுதுவதே சரி. தோட்ட முதலாளிகளின் வீடுகளைக் குறிக்கும்போது 'அடிமைமுறைக் கால மாளிகை' என்பதையே நான் பரிந்துரைப்பேன். காலமும் தெரிகிறது, அந்தச் செல்வம் வந்த வழியும் தெரிகிறது.